அயல் வீட்டில் ஒரு பிள்ளை

(நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி நடந்த குடும்ப மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

யூபிலி மேடையில் பேசவேண்டும் என்று சுவாமி அழைத்தபோது, பங்கின் பழைய வரலாற்றைச் சொல்லத்தான் அழைக்கிறார் என நினைத்தேன். அதற்கு என்னைக் காட்டிலும் வயதிலும் நினைவிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே நான் வேறொன்று பேசுகிறேன். இரண்டு மாதமாக ஒரு கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிகிறேன். அதைக் கேட்ட தாய் இக்கூட்டத்தில்தான் இருக்கிறார். அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு மாலை அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், பொண்ணுக்கு ஸ்பெயின் நாட்டில ஒரு வருஷம் படிக்க இடம் கெடச்சிருக்கு. பார்சலோனான்னு ஊராம். ஆஸ்டல் இல்லையாம். ஒரு குடும்பத்தோட தங்கணுமாம். அந்த வீட்டம்மா ஆக்கிப்போடறதத்தான் சாப்பிடணுமாம். மொகம் தெரியாத சனங்க வீட்டுல வயசுப் பொண்ண எப்படி டீச்சர் விடறது? நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா அவ கேட்டுக்குவா" என்றார்.

காப்பி கொடுத்தேன். பேச்சை வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிட்டேன். "வேண்டாம்" என்று சொல்வது எளிது. ஆனால் அந்தக் கேள்வி என் வாழ்க்கையின் பழைய புண் ஒன்றைக் கிளறிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது என்ன ஏற்பாடு?

அயல்நாட்டில் படிக்கும் பிள்ளையை அவ்வூர்க் குடும்பமொன்று தன் வீட்டில் வைத்துக்கொள்வது இன்று உலகெங்கும் நடக்கும் வழக்கம். இதில் இரு வகை உண்டு. ஒன்று, மொழிப் பள்ளிகளும் கல்லூரிகளும் செய்து தருவது. இதில் குடும்பத்துக்கு அறைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுக்கப்படும். மற்றொன்று, பணம் வாங்காமல் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்வது. இந்த இரண்டாவது வகையில் பெயர்பெற்றது ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு. அதன் தொடக்கம் வியப்பானது. முதல் உலகப்போர் மூண்ட 1914-ஆம் ஆண்டில், பிரான்சில் காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் சேவையாக அது பிறந்தது. இரண்டாம் உலகப்போரிலும் அவ்வாறே உழைத்தார்கள். போர் முடிந்ததும், காயத்துக்குக் கட்டுப்போடுவதோடு நின்றால் போதாது, காயம் உண்டாகாமலே தடுக்கவேண்டும் என்று எண்ணினார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை வேறொரு நாட்டு வீட்டில் ஓராண்டு உண்டு உறங்கிப் படித்தால், அந்த நாட்டின்மேல் அதற்குப் பகை வருமா? இந்த எண்ணத்தோடு 1947-ல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். ரோட்டரி சங்கமும் இத்தகைய பரிமாற்றத்தை நடத்திவருகிறது.

ஆகவே, தாயே, இது நேற்று முளைத்த புதுமையன்று. ஆனால் எல்லா வீடும் நல்ல வீடு என்று நான் பசப்பவும் மாட்டேன். நம் தெருவிலேயே எல்லா வீடும் ஒரே மாதிரியா இருக்கிறது? கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டே ஆகவேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? பெண்ணுக்குத் தனி அறை உண்டா? அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? வகுப்புக்கு எவ்வளவு தூரம்? அந்த ஊரிலேயே அவளைக் கவனிக்கும் பொறுப்பாளர் யார்? மனம் ஒவ்வாவிட்டால் வீடு மாற்றித் தருவார்களா? இவற்றைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. நல்ல நிர்வாகம் இக்கேள்விகளை எதிர்பார்க்கும். கேட்கும்போது மழுப்புகிறவர்களிடம் பெண்ணை அனுப்பாதீர்கள்.

இதெல்லாம் காவல். காவல் மட்டும் இருந்தால் பிள்ளை பத்திரமாகத் திரும்பி வருவாள். படித்துத் திரும்புவாள் என்று சொல்லமுடியாது. படிப்பு நடக்க இன்னொன்று வேண்டும். அது என்ன என்பதைப் பார்சலோனாவிலேயே தங்கிப் படித்த ஒருவரைக் கொண்டு தொடங்குகிறேன். அவர் நம் எல்லாருக்கும் தெரிந்தவர்.

முப்பத்து மூன்று வயது மாணவர்

புனித இஞ்ஞாசியாரைப் போர்வீரராக அறிவோம். சேசு சபையை நிறுவியவராக அறிவோம். வயதுவந்த பின் பள்ளிக்கூடம் போனவராக அவரைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 1491-ல் பாஸ்க் நாட்டில் லொயோலா மாளிகையில் பிறந்த அவர், காலில் குண்டடிபட்டு, மனம் திரும்பி, எருசலேமுக்குத் திருயாத்திரை போய்வந்து, ஆன்மாக்களுக்கு உதவவேண்டுமானால் படிக்காமல் முடியாது எனக் கண்டுகொண்டார். 1524-ல் பார்சலோனா வந்து இலத்தீன் படிக்கத் தொடங்கினார். அப்போது வயது முப்பத்து மூன்று. அர்தேவோல் என்ற ஆசிரியர் பணம் வாங்காமல் கற்பித்தார். உடன் அமர்ந்து படித்தவர்கள் சிறு பையன்கள்.

அவர் தங்கியது எங்கே? இனேஸ் பாஸ்குவால் என்ற அம்மையாரின் வீட்டில். அந்த அம்மையார் தம் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தார். இசபெல் ரோசெர் என்ற இன்னொரு பெருமாட்டி அவருடைய தேவைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அந்த வீட்டுப் பையன் ஹுவான், இவர் இரவில் செபித்த விதத்தைத் தன் முதுமையிலும் மறவாமல் எடுத்துச் சொன்னான். ஒரு வீட்டில் தங்கிய விருந்தாளியை அந்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறது பாருங்கள்!

படிப்பு எளிதாக வரவில்லை. வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பக்தி எண்ணங்கள் வந்து நிறைந்துவிடும், பாடம் ஏறாது. இதையும் ஒரு சோதனையே என உணர்ந்து, ஆசிரியரைக் கடலன்னை மரியா ஆலயத்துக்கு அழைத்துச் சென்று உள்ளதைச் சொன்னார். உண்ண ரொட்டியும் தண்ணீரும் கிடைக்குமட்டும் இரண்டாண்டுகள் பாடத்தில் தவறாமல் கவனம் வைப்பதாக வாக்குக் கொடுத்தார். சிறு பையன்களை நடத்துவதுபோலவே தம்மையும் கண்டிக்கும்படி வேண்டினார் என்றும் சொல்வார்கள்.

ஒரு காலத்தில் வாள் பிடித்த கை. பெருமை பேசிய வாய். அந்த வாய் பிழையான இலத்தீன் பேசச் சம்மதித்தது. தெரிந்தவன் என்ற எண்ணத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளையாக உள்ளே போகச் சம்மதித்தால்தான் அயல்மொழி வாய்க்கும். பார்சலோனாவுக்குப் போகும் நம் மகள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுவே.

'வேணும்' என்ற ஒரு சொல்

இஞ்ஞாசியார் பிறகு பாரிஸ் சென்று படித்தபோது, ஒரே அறையில் உடன் தங்கிய மாணவர்களில் ஒருவர் நம் புனித சவேரியார். அவரும் பாஸ்க் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர், நவார் நாட்டினர். 1542-ல் கோவா வந்து, அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். மணப்பாடும் தூத்துக்குடியும் அவர் கால்பட்ட ஊர்கள். அங்கே அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. மக்களுக்கு அவர் மொழி தெரியாது.

என்ன செய்தார்? தமிழும் போர்த்துகீசும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு தெருவில் போவார், பிள்ளைகள் கூடுவார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த முதல் தமிழில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்று பொருள்படும் சொல் இருந்தது. யோசித்துப் பாருங்கள்: ஊரே கூடி நின்று விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய இடத்தில் 'வேணும், வேணும்' என்று சொன்னால் எப்படி இருக்கும்! 1544-ல் தம் தோழர் மான்சில்யாசுக்கு எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல், ஆகையால் அதை மாற்றி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைச் சொல்லும்படி சவேரியார் அறிவுறுத்தினார்.

இந்தப் பிழையை யாரோ அவருக்கு எடுத்துச்சொல்லியிருக்க வேண்டும்; அல்லது மக்களோடு பேசிப் பேசி அவரே உணர்ந்திருக்க வேண்டும். எதுவானாலும் ஒன்று உறுதி. பிழையாகப் பேசியபோது அவர் வாயடைத்துப் போகவில்லை. ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னவர் மறுபடி சொல்ல அந்தக் கடற்கரையில் இடம் இருந்தது.

அப்படிப்பட்ட இடம் என் வீட்டில் ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

என் வீட்டுக்கு வந்த அக்கா

நம் திருத்தணி எல்லையூர். 1960 ஏப்ரல் முதல் நாள்வரை இது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி. அவர்கள் முன்னின்று நடத்திய போராட்டத்துக்கும், படாஸ்கர் தீர்ப்புக்கும் பின் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நான் பிறந்ததும் அதே ஆண்டில்தான். கோடு மாறினாலும் நாக்கு மாறவில்லை. இன்றும் நம் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசுகிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மலையேறும் கூட்டத்தில் பாதிப்பேர் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். நகரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் தந்தையின் சிநேகிதர் தம் மகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். இவ்வூரில் டைப்ரைட்டிங் படித்து லோயர் பரீட்சை எழுதவேண்டும் என்பது அவள் ஆசை. பதினெட்டு வயது, தெலுங்கு மட்டுமே பேசுவாள். என் தாயார் அவளை "வாம்மா" என்று கைபிடித்து உள்ளே அழைத்தார். நான் அக்கா என்றேன். வந்த ஒரு வாரத்தில் திக்கித் திணறித் தமிழ் பேச ஆரம்பித்தாள். நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

ஒரு கிருத்திகையன்று தலை குளித்து, பூவைத்து, வாசலில் நின்று என் தாயாரிடம், "அம்மா, நான் குடிக்குப் போயிட்டு வரேன்" என்றாள்.

தெலுங்கில் 'குடி' என்றால் கோவில். மலைக்கோவிலுக்குப் போய்வருகிறேன் என்பதைத்தான் அந்தப் பெண் சொன்னாள். நமக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு விட்டேனா? தெருப்பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும்போது, "அக்கா குடிக்குப் போறாங்க" என்று ஒரு கூட்டமே பின்னால் கத்திக்கொண்டு போனது. அதில் பெரிய குரல் என்னுடையது.

அன்றிலிருந்து அவள் தமிழ் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து உட்காருவாள். வேண்டுமா என்றால் தலையசைப்பாள். பசித்தாலும் கேட்கமாட்டாள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தன் தந்தைக்குக் கடிதம் எழுதி வரவழைத்து ஊருக்குப் போய்விட்டாள். காரணம் கேட்டதற்கு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

அவள் போன அன்று இரவு என் தாயார் என்னை அடிக்கவில்லை. "சோத்துல உப்பு கொறஞ்சா கேட்டுப் போட்டுக்கலாம். அவ கேக்கற வாயையே நீ மூடிட்டியே" என்றார். அவ்வளவுதான். ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. ஆசிரியையான பின், என் வகுப்பில் பிழையாகப் படித்த எந்தப் பிள்ளையைப் பார்த்தும் யாரும் சிரிக்க நான் விட்டதில்லை. அது என் நற்குணத்தால் அல்ல. அந்த அக்காவிடம் பட்ட கடன். இன்று அவர் எங்கே இருக்கிறாரோ, நானறியேன்.

ஆகவே, தாயே, "மொகம் தெரியாத வீட்டில் எப்படி விடறது" என்று நீங்கள் கேட்டபோது என் வாய் எழவில்லை. அப்படி ஒரு வீடு எப்படித் தவறும் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் தவறிய வீடு என்னுடையது.

வீடு வீடாகச் சென்ற பேராசிரியர்

ஆனால் தவறாத வீடுகளும் உண்டு. அதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சி ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தவர் என்பது இன்னும் பொருத்தம்.

சேசு சபைக் குரு கார்லோஸ் வாலெஸ் 1925-ல் ஸ்பெயினின் லொக்ரோனோ நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1949-ல் இந்தியா வந்தார். முதலில் வந்து படித்தது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில், கணிதத்தில் எம்.ஏ. பட்டம், 1953-ல். ஸ்பெயின் நாட்டவருக்கு ஆங்கிலமும் அயல்மொழியே என்பதை மறவாதீர்கள். பிறகு குஜராத்தி கற்றார். 1960 முதல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். குஜராத்தியிலேயே புத்தகங்கள் எழுதினார். அந்த மொழியின் உயர்ந்த இலக்கிய விருதான ரஞ்சித்ராம் தங்கப்பதக்கம் 1978-ல் அவருக்குக் கிடைத்தது. அயல்நாட்டில் பிறந்த ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2020-ல் மாட்ரிட் நகரில் காலமானார். மறு ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

விருது பெரிதல்ல. 1973-ல் அவர் செய்த ஒன்றுதான் பெரிது. கல்லூரியில் துறவிகள் இல்லத்தில் வசதியாக இருந்தவர், அதை விட்டு வெளியேறி, அகமதாபாத்தின் எளிய தெருக்களில் வீடு வீடாகச் சென்று, "சில நாள் உங்களோடு தங்கிக்கொள்ளலாமா?" என்று இரந்து கேட்டார். பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் இவரும் தரையில். அவர்கள் உண்பதே இவருக்கும் உணவு. அங்கிருந்தே கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்துவார். சில நாளில் அடுத்த வீடு. இவ்விதமாகப் பத்தாண்டுகள் போல வாழ்ந்தார். பேராசிரியராக இருந்தவர், பெயர்பெற்ற எழுத்தாளராக இருந்தவர், ஒவ்வொரு வாசலிலும் விருந்தாளியாக நின்றார்!

அந்த வீட்டுக்காரர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒண்டுக் குடித்தனம். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் வந்து இடம் கேட்கிறார். மதம் வேறு, நிறம் வேறு. அவர்களுக்கும் அச்சம் இராதா? கதவைத் திறந்தார்கள். ஒரு வீடு மட்டுமா? பத்தாண்டுகளுக்குப் போதுமான வீடுகள் திறந்தன. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தது சும்மாவா?

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது தாய்மார்களுக்கு. வாலெஸ் சுவாமியின் தாயார் கணவரை இழந்தவர். 1949-ல் மகனைக் கடல் கடந்து அனுப்பினார். அன்று இன்றுபோல் கைப்பேசியில் முகம் பார்க்க முடியாது. கப்பலில் கடிதம் வரவேண்டும். 1990-ல், அந்தத் தாய் தொண்ணூறு வயதை எட்டியபோது, மகன் மாட்ரிட் திரும்பி அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டார். அனுப்பிய தாய் மகனை இழந்துவிடவில்லை.

மகளுக்குச் சில சொற்கள்

இனி, போகப்போகும் மகளுக்கு.

பார்சலோனாவும் நம் ஊர்போல இருமொழி ஊர். ஸ்பானியமும் வழங்கும், காத்தலான் மொழியும் வழங்கும். எல்லையூரில் வளர்ந்த உனக்கு அது புதிதாக இராது. அதோடு சில சொற்களை நீ இங்கிருந்தே எடுத்துச் செல்கிறாய். நாம் மேசை என்கிறோம். அவர்கள் 'மேசா' என்பார்கள். நம் அலமாரி அங்கே 'அர்மாரியோ'. நம் துவாலை அங்கே 'தொவாய்யா'. போர்த்துகீசியர் நம் கரையில் விட்டுப்போன சொற்கள் இவை. அவர்கள் மொழியும் ஸ்பானியமும் உடன்பிறப்புகள். ஆகையால் அந்த வீட்டில் முதல்நாள் மேசையைப் பார்த்ததும் மனம் தேறு.

பிழை வரும். ஸ்பானியத்தில் மெல்லிய ரகரத்தில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. ரகரத்தை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். ஆங்கிலம் படித்தவர்கள் "எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று சொல்ல நினைத்து, 'எம்பராஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயலில் 'எம்பராசாதா' என்பார்கள். அதற்கு ஸ்பானியத்தில் பொருள் கர்ப்பவதி! (சிரிப்பு.) இப்போது நாம் சிரித்தோம். அங்கேயும் சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரித்துவிடு. ஆனால் வாயை மூடிக்கொள்ளாதே. மறுபடி சொல். "இதை எப்படிச் சொல்லவேண்டும்?" என்ற ஒரு வாக்கியத்தை முதல்நாளே கற்றுக்கொள், அது உனக்குச் சாவி.

அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மூன்று மணிக்கு. இராச்சாப்பாடு ஒன்பது மணிக்குமேல். நடுவில் 'மெரியேந்தா' என்று மாலைச் சிற்றுண்டி உண்டு. 'தோர்த்தியா' என்றால் மெக்சிகோவில் சோள ரொட்டி. ஸ்பெயினில் உருளைக்கிழங்கு போட்ட கனமான முட்டை அடை. காரம் இராது. ஊறுகாய் எடுத்துப்போ; ஆனால் அந்த அம்மா ஆக்கியதை ருசிபாராமல் ஊறுகாய்ப் புட்டியைத் திறக்காதே. நம் மிளகாயே, ஸ்பானியம் பேசும் அமெரிக்க நாடுகளின் மண்ணிலிருந்து போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்ததுதான். இந்தக் கதையை அவர்களிடம் சொல், பேச்சு வளரும். உண்ணக்கூடாதது, உண்ணமுடியாதது இருந்தால் முதல்நாளே சொல்லிவிடு. பத்தாம் நாள் தட்டில் ஒதுக்கி வைக்காதே.

அவர்கள் மொழியிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு. ஆனால் வீட்டில் பெரியவர்களையும் 'நீ' என்று அழைக்கும் வழக்கம் அங்கே சாதாரணம். வீட்டம்மா தம்மைப் பெயர்சொல்லிக் கூப்பிடச் சொல்லலாம். அது அவர்கள் பாசம், மரியாதைக் குறைவன்று. பெண்களைச் சந்திக்கும்போது இரு கன்னத்திலும் முத்தமிடுவது போல் முகம் சேர்ப்பார்கள். பழகாதவரை கையை நீட்டினால் போதும். உண்டதும் தட்டை எடுத்துக் கழுவப் போ. சமையற்கட்டில்தான் மொழி கிடைக்கும். வகுப்பில் இலக்கணம் கிடைக்கும். உன் மனம் ஒப்பாத எதற்கும் 'நோ' என்று சொல். அந்தச் சொல் எல்லாருக்கும் புரியும். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112. பொறுப்பாளரின் எண்ணையும் மனப்பாடம் செய்.

தாய்க்கும் ஒரு வேண்டுகோள். தினமும் இரவில் இரண்டு மணிநேரம் தொலைபேசியில் பேசாதீர்கள். அவள் உடல் பார்சலோனாவிலும் காது திருத்தணியிலுமாக இருந்தால், அந்த வீட்டு மேசையில் அவள் இடம் காலியாகவே கிடக்கும். முதல் மாதம் அவள் அழுவாள். "வந்துவிடு" என்று உடனே சொல்லாதீர்கள். "அந்த வீட்டில் யாராவது உன் பேச்சைக் கேட்கிறார்களா?" என்று கேளுங்கள். கேட்கிறார்கள் என்றால் இருக்கட்டும். கேட்கவில்லை, கேலி செய்கிறார்கள், அச்சமூட்டுகிறார்கள் என்றால் வீட்டை மாற்றச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். என் வீட்டில் தங்கிய அக்காவின் தந்தை அந்த ஒரு கேள்வியை இரண்டாவது வாரமே கேட்டிருந்தால், அவள் பரீட்சை எழுதியிருப்பாள்.

இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பார்சலோனாவில் ஒரு தாய் இந்நேரம் தன் அண்டைவீட்டாரிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்: "முகம் தெரியாத பெண்ணை எப்படி வீட்டில் சேர்ப்பது?" உங்களைப் போலத்தான் அவளும் தவிப்பாள். ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பெண் எதற்கு அழுவாள், எதற்குச் சிரிப்பாள், சளி பிடித்தால் என்ன கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். பெண்ணே மொழிபெயர்க்கட்டும். பிழையோடு மொழிபெயர்க்கட்டும்.

முடிவாக

இம்மண்ணில் 1888-ல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களும் படிப்பைத் தேடித் திருப்பதி, வேலூர், சென்னை என்று ஊர் கடந்து போனவரே. நம் ஊரின் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். நம் ஊருக்கு வருகிறவர்களும் வந்துகொண்டுதான் இருப்பார்கள். கிராமங்களிலிருந்து படிக்க வந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள், வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்து நம் தெருவிலேயே சமைத்துச் சாப்பிடும் இளைஞர்கள். அந்நியனாக வந்தவரை ஏற்றுக்கொண்டவர்கள் தம்மையே ஏற்றுக்கொண்டார்கள் என்று நம் ஆண்டவர் சொன்னதை ஆண்டுதோறும் கோவிலில் கேட்கிறோம். இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு வீடும் அப்படி ஒருவரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வந்தவர் தமிழைப் பிழையாகப் பேசினால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். பொறுத்துக் கேளுங்கள், அன்பாய்த் திருத்துங்கள்.

தாயே, இரண்டு மாதம் தாமதமாக என் விடை இதுதான்: கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, அனுப்புங்கள். மகளே, போய் வா. பிழையாகப் பேசு, நிறையப் பேசு. திரும்பி வந்ததும் இதே மேடையில் ஸ்பானிய மொழியில் ஒரு வணக்கம் சொல். எங்களுக்குப் புரியாது. நாங்கள் கை தட்டுவோம்.